நீலத் திரையும் ஒரு கிலோ எடைக்கல்லும்

அன்று காலை மேல்மாடியில் இருந்தவர்கள்.

முதலாளி. கதவருகே நின்றிருந்தார். உட்கார்ந்தால் பேச்சு நீளும் என்று எப்போதும் நிற்பவர்.

முதலாளியின் மகள். பெங்களூரில் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் தொழிலைப் பார்க்க வந்திருந்தார். முதல் நாள். தும்மிக்கொண்டிருந்தார்.

ஸ்ரீவராகத்து மாமி. சன்னலோரம்.

நாகர்கோவில் அண்ணாச்சி. எதிர்ச்சுவரோரம், மாமிக்கு முதுகு காட்டி.

நான். நடுவில்.

எடைக்கல் இல்லை.

கல் இல்லாததால் வேலை நடக்கவில்லை. மூன்று பேரும் திரையைப் பார்த்தபடி சும்மா இருந்தோம். முதலாளியின் மகள் தும்மலுக்கு நடுவில் ஏன் யாரும் தட்டச்சு செய்யவில்லை என்று கேட்டார். மாமி சன்னலைப் பார்த்தார். அண்ணாச்சி சுவரைப் பார்த்தார். ஆகவே நான் சொன்னேன்.

"கல்லு கீழ போயிருக்கு."

இதை விளக்க வேண்டும். எங்கள் அலுவலகம் ஆரியசாலையில் ஒரு வற்றல் மிளகாய் மொத்தக் கடைக்கு மேலே இருக்கிறது. புதிதாக வருபவர் முதல் வாரம் தும்முவார். பிறகு பழகிவிடும். எங்கள் மூவருக்கும் மூக்கு எப்போதோ போய்விட்டது. மொத்தக் கடைகளுக்குப் பில் போடும் கணினி நிரல் எழுதுவதுதான் தொழில். சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் பல கடைகளில் எங்கள் நிரல்தான் ஓடுகிறது. ஓடுகிறது என்பது முதலாளி சொல்லும் சொல். நடக்கிறது.

நிரல் ஒன்று. அதைத் திருத்துபவர் மூவர். இரண்டு பேர் ஒரே சமயம் திருத்தினால் கடைசியில் சேமித்தவர் வேலைதான் நிற்கும், முந்தினவர் வேலை அழியும். அழிந்திருக்கிறது. அதற்கு முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். கீழ்க்கடையில் மின்தராசு வந்த பிறகு சும்மா கிடந்த ஒரு கிலோ இரும்பு எடைக்கல்லை மேலே கொண்டுவந்தார். கல் யார் மேசையில் இருக்கிறதோ அவர்தான் நிரலைத் தொடலாம். மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். எங்கள் அலுவலகத்தில் ஒழுங்காக இயங்கிய ஒரே ஏற்பாடு அதுதான்.

எடைக்கற்களைச் சோதித்து முத்திரை வைக்கும் அதிகாரி வந்தால் பழைய கற்களையும் வரிசையாக அடுக்கிக் காட்டவேண்டும் என்பது கீழ்க்கடைக்காரரின் நம்பிக்கை. அன்று அதிகாரி வருவதாகக் கேள்வி. ஆள் அனுப்பிக் கல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்களுக்கு விடுமுறை.

மகள் இதையெல்லாம் கேட்டு முடித்தார். சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்தது.

"இதுக்கு ஸாஃப்ட்வேர் இருக்கு அப்பா. எத்தனையோ வருஷமாயிட்டு இருக்கு."

"கல்லு அதுக்கு முன்னமே இருக்கும்மா" என்றார் முதலாளி.

மகள் ஒவ்வொரு திரையாக வந்து நின்று பார்த்தார். அப்போதுதான் மூன்று மேசையிலும் நிரல் எழுத மூன்று வேறு வேறு கருவி இருப்பது அவர் கண்ணில் பட்டது. மூன்றும் அவர் பிறப்பதற்கு முன்னால் வந்தவை.

மாமியின் கருவி கறுப்புத் திரை. படம் இல்லை, பட்டன் இல்லை. ஒரு விசையை அழுத்தினால் எழுதும். இன்னொன்றை அழுத்தினால் எழுதாது, கட்டளைக்குக் காத்திருக்கும். அதே எழுத்துத்தான், ஆனால் ஒரு நேரம் எழுத்து, ஒரு நேரம் உத்தரவு. மாமி அதில் வேகம். கை விசைப்பலகையின் நடுவை விட்டு நகராது. மவுஸைத் தொடமாட்டார். யாராவது அவர் மேசையில் மவுஸை வைத்தால், மடியாகச் சமைக்கிற இடத்தில் யாரோ செருப்போடு வந்ததுபோல ஒரு பார்வை பார்ப்பார். காகிதம் எடுத்து, காகிதத்தால் பிடித்து, மவுஸை அப்பால் தள்ளுவார்.

அண்ணாச்சியின் கருவியும் பழசுதான். ஆனால் அதில் எல்லாம் உண்டு. கடிதம் உண்டு, காலண்டர் உண்டு, சீட்டாட்டம்கூட உண்டு. நாகர்கோவில் பாசஞ்சர் இன்று எவ்வளவு தாமதம் என்பதையும் அதிலேயே பார்ப்பார். தினமும் அந்த ரயிலில்தான் வந்து போகிறவர். அந்தக் கருவியைத் தன் கைக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். அண்ணாச்சி மாற்றினார். மாற்றிக்கொண்டே இருக்கிறார். கடைகளுக்காக அவர் எழுதிய நிரலைவிடக் கருவிக்காக எழுதிய நிரல் பெரிது. வீட்டுக்குச் சுவர் எழுப்பிக்கொண்டே இருந்து குடிபுக மறந்த ஆள்.

என்னுடையது நீலத் திரை. பழைய டாஸ் கணினிகளில் கூடவே வரும் கருவி. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எழுதினால் எழுதும். அழித்தால் அழிக்கும். நான் பத்தாம் வகுப்பில் தோற்றவன். இந்த அலுவலகத்துக்கு வந்தது கடை கடையாகப் போய் அச்சு இயந்திரத்துக்கு ரிப்பன் மாற்ற. ரிப்பன் மாற்றப் போன இடத்தில் நிரலும் நின்றுபோயிருக்கும். யாராவது தொலைபேசியில் சொல்லச் சொல்ல நான் திருத்தினேன். பிறகு சொல்லாமலும் திருத்தினேன். எந்தக் கடைக்குப் போனாலும் அந்த நீலத் திரை இருந்தது. நான் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டேன். மாமியும் அண்ணாச்சியும் தங்கள் கருவியைப் பற்றி நியாயம் பேசுவார்கள். என்னிடம் நியாயம் இல்லை.

அவர்கள் நியாயம் பேசிப் பேசித்தான் பேச்சு நின்றது. மாமி வரியைத் தள்ளி எழுத டேப் எனப்படும் தாவல் விசையை ஒருமுறை அழுத்துவார். அண்ணாச்சி இடைவெளிகளைத் தட்டுவார். பார்வைக்கு இரண்டும் ஒன்று. ஆனால் கல் மாமியிடம் வந்ததும் மாமியின் முதல் வேலை, அண்ணாச்சியின் இடைவெளிகளை எல்லாம் தாவலாக மாற்றுவது. கல் அண்ணாச்சியிடம் போனதும் அவருடைய முதல் வேலை அதைத் திருப்பிப் போடுவது. கடைக்காரர் கேட்ட திருத்தம் மூன்றாவது நாள் நடக்கும். இதில் ஒரு நாள் வார்த்தை முற்றியது. அன்று முதல் இருவரும் நேரே பேசுவதில்லை. நடுவில் நான்.

"அவர்ட்ட கல்ல தரச் சொல்லு" என்பார் மாமி, அண்ணாச்சிக்குக் கேட்கும்படி.

"சாயங்காலம் தாறேன்னு சொல்லும் வேய்" என்பார் அண்ணாச்சி, மாமிக்குக் கேட்கும்படி.

நான் ஒன்றும் சொல்வதில்லை. தேவையில்லை.

ஒரு வாரம் கழித்து, தும்மல் நின்றதும், மகள் தீர்ப்புச் சொன்னார். ஒரே அலுவலகம், ஒரே நிரல், ஒரே கருவி. பெங்களூரில் எல்லோரும் வைத்திருக்கும் புதுக் கருவி. மாதக் கடைசிக்குள் எல்லோரும் அதற்கு மாறவேண்டும். அது கைக்கு வராதவருக்கு இங்கே வேலை இருக்காது. கடைகளை இனி இங்கே உட்கார்ந்தபடியே திரையில் பார்த்துத் திருத்தலாம், ஆள் போகவேண்டியதில்லை என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. நல்ல வளர்ப்பு.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆரியசாலையில் இந்த வயதில் கிடைக்கும் மற்ற வேலை மூட்டை இறக்குவது. முதுகு ஒத்துக்கொள்ளாது. அந்த நடு மேசைதான் எனக்கு இருந்தது.

மகள் புதுக் கருவியைத் தன் மடிக்கணினியில் திறந்து காட்டினார். திறப்பதற்குள் அண்ணாச்சி கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தார். திறந்ததும் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அனுமதி கேட்டது. கொடுத்தார். மூடித் திறந்தது. இன்று தன்னிடம் என்ன புதுசு என்று தானே ஒரு பக்கம் பேசியது. தனக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள் என்று கேட்டது. நாங்கள் எழுதிய 'மூட்டை' என்ற சொல்லின் அடியில், அது அகராதியில் இல்லை என்று ஒரு நெளிகோடு போட்டது. மகள் 'விற்பனை வரி' என்று ஆரம்பித்து எழுதினார். அதற்குள் அது முந்திக்கொண்டு, வேறு ஏதோ தேசத்து வரியை முழுசாகக் கணக்குப் போட்டுக் கொடுத்தது. அழகாக இருந்தது. அந்தத் தேசத்தில் எங்களுக்குக் கடை இல்லை.

"அது நாம சொல்லாமலே புரிஞ்சுக்கும் ஆன்ட்டி" என்றார் மகள்.

"நேக்கு அப்படி ஒருத்தர் ஆத்துல இருக்கார்" என்றார் மாமி. "போறும்."

முதலாளிக்கு மாமியும் வேண்டும், அண்ணாச்சியும் வேண்டும், மகளும் வேண்டும். கதவருகே நின்றபடி ஒரு சமாதானம் சொன்னார். பழைய கருவிதான் வேண்டுமென்றால் இருக்கட்டும். ஆனால் ஒன்று மட்டும். மூன்று பேரில் இரண்டு பேராவது ஒரே பழைய கருவியைச் சொன்னால் மகள் ஒத்துக்கொள்வாள். சொல்ல முடியாவிட்டால் புதுசு. மகளும் தலையாட்டினார். ஆட்டும்போதே தெரிந்தது, அவர் ஜெயித்தாகிவிட்டது என்று. ஒரு வாரத்தில் எங்களைப் படித்துவிட்டார்.

மூன்று பேர். மாமி ஒன்று, அண்ணாச்சி ஒன்று. மிச்சம் என் ஓட்டு. வாழ்க்கையில் முதல்முறையாக என்னைக் கவனித்தார்கள்.

மாமி தோசையும் மிளகாய்ப்பொடியும் கொண்டுவந்தார். பக்கத்தில் உட்கார்த்திச் சொல்லிக்கொடுத்தார். கண்ணால் பார்க்காதே, கைக்குத் தெரியும் என்றார். என் கைக்குத் தெரியவில்லை. நான் ஒரு கடையின் பெயரை எழுதினேன். அது எழுதும் நிலையில் இல்லை. கடைப் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் உத்தரவாக எடுத்துக்கொண்டு, இரண்டை அழித்து, ஒன்றை இடம் மாற்றி, நிரலின் அடிக்குப் போய் நின்றது.

"அது நீ சொன்னதத்தான் செஞ்சுது" என்றார் மாமி. கருவிமேல் அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அண்ணாச்சி ஏத்தங்காய் உப்பேரி, அதாவது நேந்திரங்காய் வறுவல், வாங்கிவந்தார். அவர் கருவியில் ஒரு காரியத்துக்கு மூன்று விசையைச் சேர்த்து அழுத்தவேண்டும். சில காரியத்துக்கு அழுத்தி, விட்டு, மறுபடி இரண்டு. அவருடைய இடது சுண்டுவிரல் கொஞ்சம் வளைந்திருப்பதற்குக் காரணம் அன்று தெரிந்தது. மேசை இழுப்பறையில் தைலம் வைத்திருந்தார். எனக்கும் தடவினார்.

"ரெண்டு வருஷம் பொறும் வேய். அப்புறம் பாரும். ராஜா மாதிரி இருக்கலாம்."

மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது.

தோசையும் தின்றேன். உப்பேரியும் தின்றேன். இரண்டு கருவியும் கைக்கு வரவில்லை. புதுசும் வராது. மூன்றில் எது வந்தாலும் நடு மேசை போகும். அது தெரிந்த பிறகு மனசு லேசாகிவிட்டது. தின்பதற்கு வசதியாக இருந்தது.

மாதக் கடைசியில் கூடினோம். அதே ஆட்கள், அதே இடங்கள். இந்தத் தடவை கல்லும் இருந்தது. என் மேசையில் இருந்தது.

முதலாளி மாமியைக் கேட்டார். மாமி தன் கருவியைச் சொன்னார். அது இல்லாவிட்டால் எது என்று முதலாளி கேட்டார். அண்ணாச்சியின் கருவியைத் தவிர எதுவும் சரி, வேண்டுமானால் இந்தப் பிசாசையே வைத்துக்கொள்ளலாம் என்று மாமி மடிக்கணினியைக் காட்டினார். முதலாளி அண்ணாச்சியைக் கேட்டார். அவரும் வரிக்கு வரி அதையே சொன்னார். பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார். இவ்வளவு ஒற்றுமையை அந்த அறையில் நான் பார்த்ததில்லை.

பிறகு என்னிடம் வந்தார்கள்.

"சேட்டா சொல்லுங்க" என்றார் மகள். "எது வேணும்?"

"நீலமா இருந்தா எதுவும் சரி."

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. யோசித்துப் பார்த்ததில் எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கறுப்பில் எழுத்து எனக்கு ஓடுகிறது. வெள்ளையில் கண் கூசுகிறது. நீலத்தில் வெள்ளை எழுத்து நிற்கும்.

மகள் மடிக்கணினியை இழுத்து எதையோ தேடினார். திரை நீலமானது. அதே நீலம். யாரோ எங்கோ உட்கார்ந்து அந்தப் பழைய நீலத்தைச் செய்து வைத்திருக்கிறார். என்னைப்போல இன்னொருத்தன். நான் போய் இரண்டு வரி எழுதினேன். எழுதினால் எழுதியது. அழித்தால் அழித்தது.

"இவ்வளவுதானா சேட்டா?"

"இவ்வளவுதான்."

மகள் மாமியைத் திரும்பிப் பார்த்தார். மறுபடி தேடினார். மாமியின் கருவிபோல நடிக்க, அதன்மேல் ஒட்டவைக்கும் ஒரு துணைநிரல் இருந்தது. அண்ணாச்சியின் கருவிபோல நடிக்க இன்னொன்று இருந்தது. மாமி எழுந்து வந்து, மவுஸைக் காகிதத்தால் தள்ளிவிட்டு, பத்து விரலையும் வைத்தார். அது உத்தரவுக்கு அடங்கியது. அண்ணாச்சி வந்து மூன்று விசையை அழுத்தினார். அதற்கும் அடங்கியது. எதிரில் இருப்பது எது என்பது இருவருக்கும் மறந்துபோனது. இத்தனை நாள் பேசிய நியாயம், வேகம், சுத்தம், சுதந்திரம், ஒன்றும் காணவில்லை. கை கேட்டது கிடைத்தது, கைக்கு அது போதும்.

"கடைசியில நம்ம வழிக்குத்தான் வந்திருக்கான்னு சொல்லு" என்றார் மாமி.

"நம்மளத்தான் காப்பியடிச்சிருக்கான்னு சொல்லும் வேய்" என்றார் அண்ணாச்சி.

இருவரும் ஜெயித்தார்கள். மகளும் ஜெயித்தார். நான் கல்லைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தி வைத்தேன்.

அத்தோடு முடிந்திருக்கும். மகள் எங்கள் பெரிய நிரலை அந்தப் புதுக் கருவியில் திறந்தார்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. அது படித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அந்த நிரலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை யாரும் படித்தது இல்லை. பிறகு ஒரு சிவப்புக் கோடு வந்தது. அடுத்து ஒன்று. பிறகு பக்கம் முழுக்க. மகள் கீழே தள்ளத் தள்ள, மிளகாயைக் கொட்டிப் பரப்பினதுபோலச் சிவப்பு.

எங்கள் மூன்று கருவிக்கும் ஒரு நல்ல குணம் இருந்தது. அவை படிக்காது. எழுதியதை வாங்கி வைத்துக்கொள்ளும். மாமி வேகம் என்றதும், அண்ணாச்சி சுதந்திரம் என்றதும், நான் நீலம் என்றதும் இதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் பட்டது. வாயைத் திறக்காத கருவியைத்தான் நாங்கள் நல்ல கருவி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

முதலாளி வாழ்க்கையில் முதல்முறையாக உட்கார்ந்தார். ஒரு கோட்டைக் காட்டி என்ன என்று கேட்டார்.

"இங்க ஒரு பேர் வச்சு இடம் ஒதுக்கியிருக்காங்க அப்பா. அப்புறம் அத எங்கயும் உபயோகிக்கல."

"சும்மா இருக்கு?"

"சும்மா இருக்கு."

முதலாளி எங்கள் மூவரையும் ஒருமுறை பார்த்தார். அடுத்த கோட்டைக் காட்டினார். இந்த இடத்துக்கு நிரல் ஒருபோதும் வந்து சேராது என்று அர்த்தமாம். அது பவுடிகோணத்தில் எப்போதோ மூடிய ஒரு கடைக்காக அண்ணாச்சி எழுதியது. நடுவில் வழியை அடைத்தவர் மாமி. வேறொரு கோடு, ஒரே கணக்கை மூன்று பேரும் மூன்று இடத்தில் எழுதியிருப்பதைச் சொன்னது. மூன்றும் ஒரே விடை தராது என்பதையும் சொன்னது. அதில் என்னுடையதும் உண்டு. அதற்குக் கோடு கொஞ்சம் தடிமன்.

மாமி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி மாமியைப் பார்த்தார். இடையில் நான் இல்லாமல் பேசினார்கள்.

"கடைக்காரா யாரும் கேக்கலையே" என்றார் மாமி.

"கேக்கல்லியே" என்றார் அண்ணாச்சி.

திரையின் அடியில் ஒரு மூலையில் அந்தக் கருவி கோடுகளை எண்ணி வைத்திருந்தது. மகள் அதைப் படித்தார். முதலாளி இன்னொரு முறை படிக்கச் சொன்னார். மொத்த வியாபாரி. எண்ணிக்கை பெரிதாக இருந்தால் இன்னொரு முறை கேட்டுத்தான் பழக்கம். பிறகு கேட்டார்.

"இதச் சரியாக்க எத்தன ஆளு வேணும்?"

மகள் என் பக்கம் பார்த்தார். முதல்முறையாக நேராகப் பார்த்தார்.

"மூணு பேரும் வேணும் அப்பா."

அவ்வளவுதான். நடு மேசை எனக்கு இருந்தது. இருபது வருஷம் ஒழுங்காக எழுதியிருந்தால் அன்றே போயிருக்கும்.

மகள் யார் எதைத் திருத்தினார் என்று தானே பார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் கொண்டுவந்துவிட்டார். இரண்டு பேர் ஒரே சமயம் திருத்தினாலும் அழியாது. நாங்கள் அதில்தான் சேமிக்கிறோம். ஆனால் கல் மேசைக்கு வராமல் யாரும் கையை வைப்பதில்லை. போன வாரம் மகளுக்கே அவசரமாக ஒரு வரி மாற்றவேண்டியிருந்தது. உட்கார்ந்தார். எழுந்தார். அண்ணாச்சி மேசைக்குப் போய்க் கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து தன் மேசையில் வைத்துவிட்டுத்தான் எழுதினார். யாரும் சிரிக்கவில்லை.

மாமி இப்போது தாவலை மாற்றுவதில்லை. புதுக் கருவி சேமிக்கும்போது எல்லாவற்றையும் தன் இஷ்டப்படி மாற்றிவிடுகிறது. மாமிக்கும் பிடிக்கவில்லை, அண்ணாச்சிக்கும் பிடிக்கவில்லை. அதைத் திட்டுவதற்காக இருவரும் இப்போது நேரே பேசிக்கொள்கிறார்கள். என் வேலை குறைந்தது.

சிவப்புக் கோடுகளைத் திருத்துகிறோம். தினமும். அவசரம் இல்லாமல். அது தீர்ந்தால் என்ன ஆகும் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஒருவரும் பேசுவதில்லை. ஒன்றைத் திருத்தினால் சில நாள் இரண்டு புதிதாக முளைக்கிறது. மகள் பெருமூச்சு விடுகிறார். மாமி தோசை கொண்டுவருகிறார்.

நேற்று மாலை கிளம்பும்போது திரையின் மூலையில் எண்ணிக்கையைப் பார்த்தேன். முதல் நாள் மகள் படித்தது நாலாயிரத்து அறுநூற்றுப் பன்னிரண்டு.

நேற்று, நாலாயிரத்து எழுநூற்று மூன்று.